9,000 திர்ஹாமா, வீட்டோடு 7,500ஆ? வெளிநாட்டுப் பள்ளி வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

துபாயில் ஒரு பள்ளி மாதம் 9,000 திர்ஹாம் தருகிறேன் என்கிறது. இன்னொரு பள்ளி 7,500தான், ஆனால் குடியிருக்க வீடு கொடுக்கிறது. என்னோடு பி.எட். படித்த தோழி போன மாதம் இந்த இரண்டு ஆஃபர் லெட்டரையும் அனுப்பி, "9,000க்கே சரின்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாக வளைகுடாவில் கணக்கு டீச்சராக இருக்கிறேன், மூன்று பள்ளி மாறியாயிற்று, முதல் பள்ளியில் சேர்ந்தபோது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

மொத்தத் தொகையை முதலில் ஓரமாக வையுங்கள். ஒரு தாளை எடுத்து, இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து பெட்டி கட்டுகிற நாளில் கையில் என்ன நிற்கும் என்பதை மட்டும் எழுதிப் பாருங்கள். தோழியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கணவரையும் குழந்தையையும் கூட்டிப் போகிறாள், கணவருக்கு உடனே வேலை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சாதாரண இடத்தில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு வருட வாடகை 54,000 திர்ஹாம் என்று வைத்தால் மாதம் 4,500 அதற்கே போய்விடும். துபாயில் வாடகையில் 5 சதவீதத்தை வீட்டு வரியாகத் தண்ணீர், மின்சார பில்லோடு சேர்த்து மாதாமாதம் வாங்கிவிடுவார்கள், அது 225. தண்ணீர், மின்சாரம், இணையம் 600, போக்குவரத்து 500, சாப்பாடு 1,500, போனும் சில்லறைச் செலவும் 200. 9,000இல் மிஞ்சுவது 1,475. வீடு கொடுக்கும் பள்ளி மின்சார பில்லையும் கட்டிவிடுகிறது, பள்ளிப் பேருந்தும் உண்டு. அங்கே சாப்பாடு, போன், சொந்தப் பயணத்துக்கு ஒரு 300 என்று கழித்தாலும் 7,500இல் 5,500 நிற்கிறது. மாதத்துக்கு 4,000 திர்ஹாம் வித்தியாசம், அதுவும் சம்பளம் குறைவாகத் தெரிந்த பள்ளியின் பக்கம்.

இதுவே தனி ஆளாக, அறையைப் பகிர்ந்து 1,800க்குள் தங்கிக்கொள்ளத் தயாராக இருப்பவர் என்றால் கதை வேறு. அந்த 9,000இல் அவருக்கு 4,000க்கு மேல் மிஞ்சும், எந்த வட்டாரத்தில் இருப்பது என்பதும் அவர் விருப்பம். அதனால்தான் "நல்ல பேக்கேஜா?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் "வீட்டில் எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேட்கிறேன்.

வீட்டுப்படியைப் பணமாகக் கொடுத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு, ஊரில் இருந்து பார்க்கும்போது இது கண்ணில் படவே படாது. பள்ளி வீட்டுப்படியை மாதாமாதம் சம்பளத்தோடு தரும், வீட்டுக்காரரோ வருட வாடகையை நான்கு செக்காக, சில இடங்களில் இரண்டாக, ஒரே செக்காகக்கூடக் கேட்பார். 54,000த்தை நான்காகப் பிரித்தால் முதல் செக் 13,500. அதோடு ஏஜெண்ட் கமிஷன் 5 சதவீதம், அதாவது 2,700. முன்பணம் இன்னொரு 5 சதவீதம், மின் இணைப்புக்கு 2,000 டெபாசிட். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே 20,900 திர்ஹாம் வேண்டும், திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 4,80,000 ரூபாய். நகையை அடகு வைத்து இந்தப் பணத்தைக் கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். முதல் வருட வீட்டுப்படியை முன்கூட்டியே மொத்தமாகத் தர முடியுமா என்று கேளுங்கள். நிறைய பள்ளிகள் தருகின்றன, கேட்டவர்களுக்குத்தான் தருகின்றன.

வீடே கொடுக்கிறார்கள் என்றால் கேள்விகள் வேறு. தனி வீடா, பகிர்ந்து தங்குவதா? குடும்பத்தை வைத்துக்கொள்ளலாமா? ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் இருக்கிறதா? மின்சார பில் யார் கட்டுவது? வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? என் முதல் பள்ளி ஆஃபர் லெட்டரில் "சாமான்களோடு கூடிய குடியிருப்பு" என்று ஒரே வரி இருந்தது. போய் இறங்கிய ராத்திரிதான் தெரிந்தது, இரண்டு படுக்கையறை வீட்டில் ஏற்கெனவே மூன்று டீச்சர்கள், நான் நான்காவது ஆள். அந்த வரியில் பொய் எதுவும் இல்லை, நான்தான் போட்டோ கேட்கவில்லை.

பேசிக் எவ்வளவு என்று பாருங்கள்

சம்பளத்தைப் பேசிக் என்கிற அடிப்படைச் சம்பளம், வீட்டுப்படி, போக்குவரத்துப்படி என்று பிரித்து எழுதுவார்கள். இந்தப் பிரிவினையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடவே கூடாது, ஏனென்றால் வேலையை விடும்போது வருகிற பணிக்கொடை அதை வைத்துத்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, ஒரு வருடம் முடித்திருந்தால் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள் பேசிக். நாமே ராஜினாமா செய்தாலும் இப்போது குறைக்க மாட்டார்கள். தோழியின் 9,000 ஆஃபரில் பேசிக் 4,500தான், 7,500இல் பேசிக் 6,000. எட்டு வருடம் ஒரே சம்பளத்தில் இருப்பதாக வைத்தால் முதல் பள்ளியில் 29,250 திர்ஹாம், இரண்டாவதில் 39,000. வருடாந்திர உயர்வைப் பேசிக்கில் சேர்க்கிறார்களா, படியில் சேர்க்கிறார்களா என்பதையும் கேட்டு வையுங்கள், சில பள்ளிகள் வருடா வருடம் படியைத்தான் கூட்டும்.

நாட்டுக்கு நாடு இது மாறும். கத்தாரில் ஒரு வருடம் முடித்தால் வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரப் பேசிக். சவூதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அப்புறம் வருடம் ஒரு மாதச் சம்பளம். ஆனால் அங்கே நடுவில் ராஜினாமா செய்தால் இரண்டு வருடத்துக்குள் ஒன்றும் கிடையாது, இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்குதான். ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் வந்தால் முழுதும் உண்டு. அதனால் சவூதி ஒப்பந்தம் என்றால் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம், ஒரு மாதம் முன்னால் அவசரப்பட்டுக் கடிதம் கொடுத்து மூன்றில் இரண்டு பங்கை இழந்தவர்கள் உண்டு. சிங்கப்பூரில் பணிக்கொடைச் சட்டமே இல்லை, நம்மைப் போல எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை விசாவில் போகிறவர்களுக்கு அந்நாட்டின் பி.எஃப். போன்ற மத்தியச் சேமநிதியும் கிடையாது. அங்கே மாதச் சம்பளம்தான் எல்லாம், வருமான வரியையும் மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள், நாமே எடுத்து வைத்துக் கட்ட வேண்டும். துணைவரையும் பிள்ளைகளையும் கூட்டிச் செல்ல மாதம் 6,000 சிங்கப்பூர் டாலராவது சம்பளம் வேண்டும். வியட்நாம், தாய்லாந்து என்றால் வருமான வரி 35 சதவீதம் வரை போகும், ஆகவே சொன்ன தொகை வரிக்கு முந்தியதா பிந்தியதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

அடுத்தது, ஜூலை ஆகஸ்ட் சம்பளம். இதை மட்டும் தனியாக எழுத்தில் வாங்குங்கள். வேலை பார்க்கும் வருடங்களில் கோடை விடுமுறைக்குச் சம்பளம் வரும், அதில் பிரச்சினை இல்லை. கடைசி வருடம் ஜூன் மாதம் பள்ளி மூடும்போது விலகினால் அந்த இரண்டு மாதச் சம்பளம் உண்டா என்பதில்தான் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம். நான் முதல் பள்ளியை விட்டபோது ஒப்பந்தத்தில் கடைசித் தேதி ஜூன் 30 என்று இருந்தது. பத்து மாதம் பாடம் எடுத்து, தேர்வுத் தாள் திருத்தி, மதிப்பெண் எல்லாம் ஏற்றிக் கொடுத்த பிறகு இரண்டு மாதச் சம்பளம் இல்லாமல் ஊருக்கு வந்தேன். ஒப்பந்தம் ஆகஸ்ட்டில் தொடங்கி ஆகஸ்ட்டில் முடிகிறதா என்று மட்டும் அன்று பார்த்திருந்தால் போதும்.

பிள்ளைகள், இன்ஷூரன்ஸ், டிக்கெட்

குழந்தை இருக்கிற டீச்சருக்கு உண்மையான பெரிய சலுகை இலவச சீட்தான். ஒரு குழந்தைக்கா இரண்டுக்கா, முழுக் கட்டணமா பாதியா, பேருந்து, புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம் சேர்த்தா என்று கேளுங்கள், பெரும்பாலும் படிப்புக் கட்டணம் மட்டும்தான். சேர்ந்த முதல் நாளே கிடைக்குமா, தகுதிகாண் காலம் முடிந்த பிறகா? உங்கள் பிள்ளையின் வகுப்பில் இடம் இல்லை என்றால் என்ன செய்வார்கள்? இன்னொன்றையும் யோசியுங்கள்: ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டத்திலோ பிரிட்டிஷ் பாடத்திட்டத்திலோ மூன்று வருடம் படித்த பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ.க்கோ நம் மாநிலப் பாடத்துக்கோ திருப்பிக் கொண்டு வருவது பிள்ளைக்குப் பெரிய பாடு. எந்த வருடம் திரும்புவோம் என்று தோராயமாகவாவது முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

குடும்ப விசாவுக்கு அமீரகத்தில் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000த்தோடு தங்குமிடம் இருந்தால் போதும், பெண்களும் கணவரைத் தங்கள் பெயரில் கூட்டிப் போகலாம். விசா கிடைக்கும் என்பதாலேயே அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியும் என்று ஆகிவிடாது. மருத்துவ இன்ஷூரன்ஸ் துபாயில் வேலை செய்பவருக்குப் பள்ளி எடுத்தே ஆக வேண்டும், குடும்பத்தினருக்கு எடுக்கும் பொறுப்பு நம்முடையது. அபுதாபியில் துணைவரோடு மூன்று குழந்தைகள் வரை பள்ளியே எடுக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்க்கும், பிரசவத்துக்கும் என்ன வரம்பு என்பதைப் பட்டியலாகவே கேளுங்கள். டிக்கெட் வருடா வருடமா, ஒப்பந்த முடிவிலா, குடும்பத்துக்கும் உண்டா என்பது ஒரு வரிக் கேள்விதான், அதையும் கேட்டுவிடுங்கள்.

எந்த நாணயத்தில், எப்படி ஊருக்கு வரும்

திர்ஹாம், சவூதி ரியால், கத்தார் ரியால் மூன்றும் டாலரோடு கட்டப்பட்டவை: ஒரு டாலருக்கு 3.6725, 3.75, 3.64. அதனால் ரூபாய் இறங்கினால் நமக்கு லாபம்தான். எல்லா நாடும் அப்படி இல்லை. எகிப்தில் 2024 மார்ச்சில் 31 பவுண்ட் அளவில் இருந்த டாலர் ஒரே நாளில் 50 பக்கம் போயிற்று. 31,000 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டவருக்கு ஆயிரம் டாலராக இருந்தது அறுநூற்றிச் சொச்சம் ஆனது, வேலை அதே வேலைதான். அப்படிப்பட்ட நாட்டில் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது டாலராகக் கேளுங்கள். மாலத்தீவுக்கு நம் ஊரில் இருந்து டீச்சர்கள் நிறைய பேர் போகிறார்கள், அங்கே அதிகாரபூர்வ மதிப்பு டாலருக்கு 15.42 ரூஃபியாவாக நிற்கிறது, ஆனால் டாலர் தட்டுப்பாடு. மாதம் இவ்வளவுதான் வெளியே அனுப்பலாம் என்று வங்கிகள் வரம்பு வைத்துவிடுகின்றன. சம்பளம் கணக்கில் இருக்கும், ஊரில் வீட்டுக் கடன் தவணைக்கு வந்து சேராது. அங்கே போவதாக இருந்தால் டாலரில் தருவீர்களா, இல்லையென்றால் மாதம் எவ்வளவு அனுப்ப முடிகிறது என்று இப்போது வேலை செய்பவரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஊர்ப் பக்க வரியில் ஒரே ஒரு விஷயம் முக்கியம், எந்த மாதம் கிளம்புகிறீர்கள் என்பது. நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் அந்த வருடம் வெளிநாட்டுச் சம்பளத்துக்கும் இங்கே வரி உண்டு. ஆகஸ்ட் 20இல் கிளம்பினால் 142 நாள்தான் ஆகிறது, டிசம்பர் விடுமுறைக்கு மூன்று வாரம் வந்து போனாலும் கவலை இல்லை. ஜனவரியில் ஒரு இடம் காலியாகி நீங்கள் நடுவில் போய்ச் சேர்ந்தால், ஏப்ரல் முதல் டிசம்பர் வரை இங்கே இருந்தாயிற்று, ஆகவே அந்த மூன்று மாதச் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். வரி இல்லாத நாடு என்று நினைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கு இதுதான் பிற்பாடு நோட்டீஸாக வருகிறது.

பள்ளியை அளந்து பார்ப்பது

சம்பளம் சரியாக வருமா என்பதை அந்தப் பள்ளியின் கட்டணமே சொல்லிவிடும். துபாயில் கே.எச்.டி.ஏ. என்ற கல்வி ஆணையத்தின் தளத்தில் ஒவ்வொரு தனியார் பள்ளியின் கட்டணமும் இருக்கிறது. வருடக் கட்டணம் 8,000 திர்ஹாம், வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால் ஒரு வகுப்பிலிருந்து வருவது 2,40,000. வகுப்புக்கு ஒன்றரை டீச்சர் என்று வைத்து மாதம் 12,000 கொடுத்தால் 2,16,000 சம்பளத்துக்கே போய்விடும், கட்டடம், நிர்வாகம், முதலாளிக்கு என்ன மிச்சம்? அப்படிப்பட்ட பள்ளியில் நீங்கள் எவ்வளவு பேரம் பேசினாலும் ஒரு எல்லைக்கு மேல் நகராது, கட்டணம் 50,000 வாங்கும் பள்ளி 5,000 சம்பளம் சொன்னால் அங்கே தாராளமாகப் பேசலாம்.

அதே தளத்தில் 2023-24 வரை நடந்த ஆய்வுகளின் அறிக்கைகளும் உண்டு, மிகச் சிறப்பு முதல் பலவீனம் வரை தரமிட்டிருப்பார்கள். அவற்றில் நான் முதலில் தேடுவது ஒரு வருடத்தில் எத்தனை சதவீத ஆசிரியர்கள் மாறினார்கள் என்ற எண்ணைத்தான். மூன்றில் ஒருவர் வருடா வருடம் போகிறார் என்றால் பேக்கேஜ் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே ஏதோ சரியில்லை. ஐ.பி. பள்ளி என்று சொல்லிக்கொண்டால் ஐ.பி. தளத்திலேயே தேடிப் பாருங்கள், அங்கீகாரம் பெற்றதா, இன்னும் விண்ணப்ப நிலையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெயரில் "இன்டர்நேஷனல்" யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு எத்தனை பீரியட், எத்தனை பாடப் பிரிவு, பேருந்தில் பிள்ளைகளைக் கண்காணிக்கும் வேலை உண்டா, சனிக்கிழமை வர வேண்டுமா என்பதையும் கேளுங்கள். வாரம் 20 பீரியடுக்கு 7,000 என்பதும், 32 பீரியடுக்கு 8,000 என்பதும் ஒன்றில்லை, பின்னதில் திருத்தும் வேலை வீட்டுக்கு வந்துவிடும்.

ஒரு வலிக்கிற உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பாடம், ஒரே வகுப்பு, ஆனால் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் வைக்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. கணவர் விசாவில் ஏற்கெனவே அங்கே இருக்கும் பெண்களை உள்ளூர் ஆள் என்று சொல்லி, வீட்டுப்படி இல்லாமல் எடுப்பதும் நடக்கிறது. இது அநியாயம்தான், அதை ஏற்றுக்கொள்ளச் சொல்ல மாட்டேன். சம்பள அட்டவணை ஒன்று இருக்கிறதா, அதில் என் அனுபவத்துக்கு எந்தப் படிநிலை என்று கேளுங்கள், அட்டவணை வைத்திருக்கும் பள்ளியில் இந்த வித்தியாசம் குறைவு. கணக்கு, அறிவியல், மொழிப்பாட ஆசிரியர்களுக்கு இங்கிலாந்தின் கியூ.டி.எஸ். என்ற ஆசிரியர் தகுதிக்கு 2023 முதல் இந்தியாவில் இருந்தே விண்ணப்பிக்க முடிகிறது. பிரிட்டிஷ் பள்ளிகளில் அது பேச்சையே மாற்றிவிடுகிறது, என் மூன்றாவது வேலை அதனால்தான் கிடைத்தது.

ஏஜெண்ட், சான்றிதழ், கையெழுத்து

நல்ல பள்ளி ஆசிரியரிடம் பணம் வாங்காது. ஏஜெண்ட் வழியாகப் போனால் அவர் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள், பதிவான ஏஜெண்டும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்க முடியும். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். "இப்போ விசிட் விசாவில் வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லி உடனே வகுப்பெடுக்கச் சொன்னால் போகவே கூடாது, மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

சான்றிதழுக்கு இரண்டு மாதமாவது கையில் வையுங்கள். சவூதி, ஓமன், பஹ்ரைனுக்கு அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் உண்மையானதுதான் என்று நம் வெளியுறவுத் துறை போடும் முத்திரை போதும். அமீரகம், கத்தார், குவைத் என்றால் வெளியுறவுத் துறைக்குப் பிறகு அந்தந்தத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும், டிகிரிக்கும் பி.எட்.டுக்கும் தனித்தனியாக. அந்தச் செலவைப் பள்ளி திருப்பித் தருமா? பி.எட். தொலைநிலையில் படித்திருந்தால் அந்த நாட்டு ஆணையம் ஏற்குமா என்பதை இங்கே வேலையை விடும் முன்பே பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் நடுவில் விலகினால் விசா, ஆள்சேர்ப்புச் செலவை நீங்கள் கட்ட வேண்டும் என்று இருந்தால், அமீரகத்தில் அந்தச் செலவை ஊழியர் தலையில் கட்டச் சட்டம் இடம் தரவில்லை என்பதைச் சொல்லி அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டையும் அவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

கேட்டால் ஆஃபரையே ரத்து செய்துவிடுவார்களோ என்று நம்மவர்கள் நிறைய பேர் பயப்படுகிறார்கள், நானும் பயந்திருக்கிறேன். மரியாதையாக, ஒரே மின்னஞ்சலில், எண் போட்டுக் கேளுங்கள். பள்ளிக்குப் பேசிக்கை உயர்த்துவது கஷ்டம், முதல் வருட வீட்டுப்படியை முன்னால் தருவது, இரண்டாவது பிள்ளைக்குப் பாதிக் கட்டணம், அனுபவத்தில் ஒரு படிநிலை மேலே வைப்பது, சாமான் அனுப்ப ஒரு தொகை இதெல்லாம் எளிது. அதைக் கேளுங்கள். நேர்காணலில் வாயால் சொன்ன எதுவும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் இல்லை. அந்தப் பள்ளியில் இப்போது வேலை செய்யும் ஒரு நம் நாட்டு டீச்சரோடு பேச வைக்கச் சொல்லிக் கேளுங்கள், பேசும்போது சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று மட்டும் கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும்.

தோழி 7,500 பள்ளிக்கு ஆறு கேள்விகள் எழுதி அனுப்பினாள். ஐந்துக்குப் பதில் வந்துவிட்டது, ஒப்பந்தம் ஆகஸ்ட் 31 வரை என்று திருத்தியும் அனுப்பியிருக்கிறார்கள். வீட்டின் போட்டோ இன்னும் வரவில்லை. அது வரட்டும், அப்புறம் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.